பூட்ட முடியாத ஆலை: ஊர்க் கழிவுநீர் நிலையத்தைக் கேள்வி கேட்க நமக்குள்ள உரிமைகள்

ஒரு லிட்டர் கண்ணாடி அளவுச் சாடி. காற்றூட்டும் தொட்டியிலிருந்து முகந்த பழுப்பு நிறத் தண்ணீரை அதில் நிரப்பி, நிழலில் ஒரு திண்ணையில் வைத்துவிட்டு, ஆய்வாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் சேறு கரைத்த நீர் போலத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் உள்ளே பால் திரிவது போலத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சற்று நேரத்தில் மேலே விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது. அரை மணி ஆனபோது கசடெல்லாம் சாடியின் கால் பங்குக்குள் அடங்கிவிட்டது. மேலே நின்ற நீருக்குப் பின்னால் நாட்குறிப்பைப் பிடித்தார். எழுத்தைப் படிக்க முடிந்தது.

“பாக்டீரியா உயிரோடதான் இருக்கு” என்றார். பிறகு சாடியைக் கழுவி வைத்துக்கொண்டே சொன்னார்: “ஆனா இது இன்னைக்குக் கதை. நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு கரண்ட் பில்லுதான் சொல்லும்.”

பெயர் சொல்லாமல் விட வேண்டிய ஒரு நகரத்தில், ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கேட்ட அந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. ஒரு நிலையம் சட்டப்படி நடக்கிறதா என்பதை ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் சொல்லிவிடாது. அதன் கணக்கேடுகளும் சேர்ந்துதான் சொல்லும். அந்த ஏடுகளைப் பார்க்கும் உரிமை அதிகாரிக்கு மட்டும் உரியதல்ல. அந்த நிலையத்தின் கரையில் வாழும் நமக்கும் சட்டம் அதைத் தந்திருக்கிறது.

ஒரு லிட்டர் சாக்கடைக்கு எத்தனை லிட்டர் ஆறு?

கழிவுநீரைப் பற்றிப் பேசுவோர் வாயில் அடிக்கடி வருவது ‘பி.ஓ.டி.’ என்ற சொல். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பது அதன் விரிவு. தண்ணீரில் கலந்த மலத்தையும் சோற்றையும் எண்ணெயையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதன் அளவு அது.

நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தன்னுள் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரின் பி.ஓ.டி. 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் சாக்கடை முப்பது லிட்டருக்கும் மேலான ஆற்றுநீரின் மூச்சைக் குடித்துவிடும். அதே நீரை 20 மில்லிகிராம் அளவுக்குச் சுத்திகரித்து விட்டால், மூன்று லிட்டருக்கும் குறைவான ஆற்றுநீரே பாதிக்கப்படும். ஆறு பிழைப்பதும் சாவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மீன்கள் செத்து மிதப்பது, தண்ணீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசுவது எல்லாம் இந்தக் கணக்கு பிசகியதன் விளைவுகள். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவை அதே நீர் கிணற்றிலும் குடிநீர்க் குழாயிலும் கலந்தால் வருபவை.

நாட்டின் நிலைமை என்ன? மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதைச் சுத்திகரிக்க அமைக்கப்பட்ட நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் அந்த நிலையங்களுக்குள் போய்ச் சேர்வது ஏறக்குறைய 2,023 கோடி லிட்டர். கட்டிய நிலையங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறுமனே கிடக்கிறது என்பதுதான் இதன் பொருள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதோடு நம் கேள்விகள் நின்றுவிடக் கூடாது.

சட்டம் எதை எதிர்பார்க்கிறது?

1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அடிப்படை. தனியார் ஆலைக்கு என்ன விதியோ அதேதான் நகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும். கழிவுநீரை வெளியே விட வேண்டுமானால் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். நிலையத்தை அமைக்க ஒன்று, இயக்க ஒன்று.

வெளியேறும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் அறிவிக்கையாக வெளியிட்டது. சென்னை போன்ற பெருநகரங்களில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம். மற்ற ஊர்களில் 30. நீரில் தொங்கி நிற்கும் திடப்பொருள் பெருநகரங்களில் 50-க்குக் கீழும், மற்ற இடங்களில் 100-க்குக் கீழும் இருக்க வேண்டும். மலக் கோலிபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்குக் குறைவு. அமில காரத் தன்மை 6.5 முதல் 9 வரை. இவை போதாது என்று கருதிய தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2019 ஏப்ரலில் பி.ஓ.டி. வரம்பை 10 ஆகக் குறைத்து உத்தரவிட்டது.

உங்கள் ஊர் நிலையம் எந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டது என்பதை அதன் இசைவாணையில் பாருங்கள். ஆய்வும் வழக்கும் அந்தத் தாளில் இருந்துதான் தொடங்கும்.

ஆய்வாளர் எதைப் பார்க்கிறார்?

தமிழ்நாட்டில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரின் அலுவலகத்தில் இருந்து ஆய்வுக்கு வருவார்கள். எந்த நேரத்திலும் உள்ளே நுழைந்து இயந்திரங்களையும் ஏடுகளையும் பார்வையிடும் அதிகாரத்தை நீர்ச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வாரியத்துக்குத் தருகிறது. மாதிரி எடுக்கும் முறையை 21-ஆம் பிரிவு சொல்கிறது. மாதிரி எடுப்பதாக நிலையத்தாருக்கு அங்கேயே அறிவிப்புத் தர வேண்டும். அவர்கள் முன்னிலையில் நீரை இரண்டு பங்காகப் பிரித்து, கலனில் அடைத்து, முத்திரை இட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு பங்கு வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும். நிலையத்தார் கேட்டால் இன்னொன்று அரசு அங்கீகரித்த வேறு ஆய்வகத்துக்குப் போகும். இந்த நடைமுறை பிசகினால் அந்த அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது.

பாட்டில் விஷயத்திலும் கவனம் வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு அழுத்த நீராவியில் தூய்மையாக்கிய பாட்டில். அதில் மிச்சக் குளோரினை முறிக்கும் மருந்து முன்பே போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, நிலையத்துக்கு நற்சான்று வாங்கிக் கொடுத்துவிடும். பி.ஓ.டி. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போக வேண்டும். நம் நாட்டில் அதை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதனால் இன்று எடுத்த மாதிரிக்கு இன்றே முடிவு வந்தது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் அனுபவமுள்ள ஆய்வாளர் மாதிரியோடு நிறுத்த மாட்டார். கழிவுநீர் வரும் வழியிலேயே நடந்து போவார். முதலில் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கும் கம்பித் தடுப்பு. அங்கே அன்றைய குப்பை அள்ளப்பட்டிருக்கிறதா? அடுத்து மணல் படியும் தொட்டி. பிறகு காற்றூட்டும் தொட்டி: காற்றை ஊதும் இயந்திரமான பிளோயர் ஓடினால் தொட்டி முழுக்க ஒரே சீராகக் கொப்பளிக்கும். நிறம் பழுப்பாகவும் வாசம் மழை நனைத்த மண் போலவும் இருந்தால் நலம். கறுத்து நாறினால் நுண்ணுயிர்கள் மூச்சு முட்டிக் கிடக்கின்றன என்று பொருள். அதற்கடுத்த தெளிவுத் தொட்டியின் விளிம்பில் கசடு பொங்கி வழிகிறதா என்றும் பார்ப்பார்.

பிறகு எல்லோரும் மறக்கும் ஓர் இடத்துக்குப் போவார்: பைபாஸ் மதகு. அளவுக்கு மேல் வெள்ளம் வந்தால் நிலையத்தைக் காப்பாற்ற, கழிவுநீரை நேரே ஆற்றுக்குத் திருப்பும் கதவு அது. அவசரத்துக்கு வைத்த அந்தக் கதவுதான் பல ஊர்களில் ஆற்றின் எமன். அதன் சக்கரத்தில் துரு ஏறியிருந்தால் நல்லது. திருகுமரை புதுக் கிரீஸோடு மினுமினுத்தால், கதவுக்குக் கீழே கறுப்புக் கோடு ஈரமாக இருந்தால், கேள்வி கேட்க வேண்டும். கடைசியாக மழை பெய்தது எப்போது? கதவைத் திறந்தது எப்போது?

அப்புறம்தான் அலுவலக அறை. ஏடுகள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான்.

மின் கட்டணம் முதல் சாட்சி. நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது பிளோயர். பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். அதுவும் இரவில். வரும் நீரின் அளவு குறையாமல் மின்சாரச் செலவு மட்டும் குறைந்திருந்தால் எங்கோ இடிக்கிறது.

கசடு இரண்டாவது சாட்சி. நீர் சுத்தமானால் கசடு மிஞ்சியே ஆக வேண்டும். முழுக் கொள்ளளவில் ஓடுவதாக ஏடு சொல்ல, கசடு ஏற்றிய லாரி மாதக்கணக்கில் வெளியே போகவில்லை என்றால், அந்தக் கசடு ஆற்றோடுதான் போயிருக்கிறது.

குளோரின் வாங்கிய ரசீது மூன்றாவது. உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர் இரண்டின் அளவுமானிகள் நான்காவது. ஊருக்குக் கொடுக்கும் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அதில் பாதிதான் நிலையத்துக்கு வருகிறது என்றால், மீதி மழைநீர் வடிகால்களில் ஓடுகிறது. எல்லா நாளும் பி.ஓ.டி. 18, 18, 18 என்று ஒரே மையில் எழுதிய பதிவேடு, பொய் என்பதை எழுத்திலேயே சொல்லிவிடும். உயிருள்ள பொருள் நாளுக்கு நாள் மாறாமல் இருக்காது.

தொழிற்சாலையைப் பூட்டலாம், இதைப் பூட்ட முடியுமா?

நீர்ச் சட்டத்தின் 33-அ பிரிவின் கீழ், மாசுபடுத்தும் ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். சாயப்பட்டறைகளுக்கும் தோல் ஆலைகளுக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் ஊரின் கழிவுநீர் நிலையத்தைப் பூட்டினால் என்ன ஆகும்? விடிந்தால் லட்சக்கணக்கான வீடுகளின் கழிப்பறைகளில் தண்ணீர் ஓடும். நிலையம் மூடிக் கிடக்க, அத்தனையும் பச்சையாக ஆற்றில் விழும். மின்சாரத்தை வெட்டினால் குற்றம் பத்து மடங்காகும்.

ஆய்வு செய்வதும் அரசு அமைப்பு, ஆய்வுக்கு உள்ளாவதும் அரசு அமைப்பு. ஒரு கடிதம் போகும், ஒரு விளக்கம் வரும், கோப்பு தூங்கும். இந்தத் துறையின் உண்மையான ஆபத்து இதுதான். இங்கே பெரிய ஆயுதமான பூட்டு பயன்படாது. அதனால் சிறிய ஆயுதமான மக்களின் இடைவிடாத கண்காணிப்பு பெரிதாகிறது.

“பணமில்லை” என்ற பதிலும் சட்டத்தின் முன் செல்லாது. 1980-இல் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, சாக்கடை கட்டத் தன்னிடம் நிதியில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு அதை ஏற்கவில்லை. மக்களுக்குச் சுகாதாரம் தருவது நகராட்சியின் கடமை, வறுமையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. மாசற்ற நீர், வாழும் உரிமையின் பகுதி என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கு சொன்னது. நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றிய 1996 வேலூர் வழக்கு, மாசுபடுத்துபவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2017 பிப்ரவரியில், உள்ளாட்சிகள் மூன்றாண்டுக்குள் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்க வேண்டும், இணையவழித் தொடர் கண்காணிப்பின் அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உங்கள் கையில் உள்ள உரிமைகள்

முதலாவது, அதிகம் பேர் அறியாதது. நீர்ச் சட்டம் 25-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவுப்படி, வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். அந்தக் கழிவுநீர் வெளியேற்றத்தால் பாதிக்கப்படும் அல்லது அதில் அக்கறையுள்ள எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்வையிடலாம். ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பவரும், கீழ்ப்பக்கம் கீரை பயிரிடுபவரும், எதிரே குடியிருக்கும் அக்காவும் இதில் அடங்குவர்.

இரண்டாவது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நகல் கேட்பது மட்டும்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவணங்களை நேரில் பார்வையிடவும், நடக்கும் பணியைப் பார்வையிடவும், சான்றளிக்கப்பட்ட மாதிரிப் பொருளைப் பெறவும்கூட இதில் உரிமை உண்டு. கட்டணம் பத்து ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ தொடர்புடையதானால் 48 மணி நேரத்தில் வர வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் மாநிலத் தகவல் ஆணையம்.

மனுவில் “நிலையம் ஏன் நாறுகிறது?” என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

- நடப்பு இசைவாணையின் நகல், அது காலாவதியாகும் தேதி
- கடந்த 12 மாதங்களில் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகள், மாதிரிப் பகுப்பாய்வு முடிவுகள்
- மாதவாரியாக உள்வந்த, வெளியேறிய நீரின் அளவு
- மாதவாரியான மின் கட்டண ரசீதுகளும் டீசல் கணக்கும்
- கசடு வெளியேற்றப் பதிவேடு. எங்கே கொட்டப்பட்டது என்ற விவரம்
- பைபாஸ் மதகு திறக்கப்பட்ட நாள், நேரம், காரணம்
- விளக்கம் கேட்டு வாரியம் அனுப்பிய கடிதங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும்

இந்த ஏழும் கையில் வந்தால், அந்த ஆய்வாளர் அலுவலக அறையில் செய்த வேலையை உங்கள் வீட்டுத் திண்ணையில் நீங்களே செய்யலாம்.

வெளியிலிருந்தே தெரியும் அறிகுறிகள்

மதிலுக்கு வெளியே நின்றே சில விஷயங்களைக் கவனிக்கலாம். நீர் வந்து விழும் இடத்தில் கறுப்பு நிறம், வெண்ணுரை, மிதக்கும் மலம். இரவு பத்து மணிக்கு மேல் பிளோயர் இரைச்சல் நின்றுபோவது. மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் ஓட்டம். விடியலில் திடீரென்று அடிக்கும் அழுகிய முட்டை நாற்றம். நாள், நேரம், இடம் தெரியும்படி படம் எடுத்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு படம் புகார் ஆகும். மூன்று மாதக் குறிப்பு சாட்சி ஆகும்.

ஒரு எச்சரிக்கை. மதில் ஏறிக் குதிக்காதீர்கள், ஆள்நுழைவுக் குழியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும் நேரம்தான் உயிர் போகும் நேரம்.

புகாரிலிருந்து தீர்ப்பாயம் வரை

முதலில் நிலையத்தை நடத்துபவரிடம் போங்கள். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916. மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி ஆணையர். முதல்வரின் உதவி எண் 1100-இலும் பதியலாம். புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

அடுத்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் மனு. குறிப்புகளையும் படங்களையும் இணைத்து, விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். மாதிரி எடுத்து ஆய்வு செய்யக் கோருங்கள். ஆய்வு நாளில் உங்களையும் உடன் வைத்துக்கொள்ளுமாறு கேளுங்கள்.

நாற்றமும் தேங்கலும் தெருவையே வாட்டினால் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் அவருக்கு இருக்கிறது. ரத்லாம் மக்கள் பயன்படுத்திய பழைய சட்டத்தின் 133-ஆம் பிரிவின் புது எண்தான் இது.

வாரியமே அசையாவிட்டால், நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு குடிமகனுக்கு வழி விடுகிறது. குற்றத்தையும் வழக்குத் தொடுக்கும் எண்ணத்தையும் தெரிவித்து வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும். அதன் பின் நீங்களே குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். அப்போது தன்னிடமுள்ள அறிக்கைகளை நீங்கள் கேட்டால் வாரியம் தர வேண்டும். பல நேரங்களில் அந்த அறிவிப்பே கோப்பை எழுப்பிவிடும்.

கடைசியாக, தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு போட வேண்டும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதானால் ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இங்கே கேட்க வேண்டியது நிலையத்தை மூடும் உத்தரவு அல்ல. நாள் குறித்த சீரமைப்புத் திட்டம், அதை மேற்பார்வையிட ஒரு குழு, தவறினால் இழப்பீடு, மாதாமாதம் அளவுகளை வெளியிடும் கட்டளை ஆகியவற்றைக் கேளுங்கள்.

உள்ளே வேலை செய்பவரை மறக்கக் கூடாது

ஆய்வு என்றால் தண்ணீர் மட்டுமல்ல. பாதுகாப்பு உடையும் சுவாசக் கருவியும் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒப்பந்தக்காரர் இறக்கினார் என்று சொல்லி நிர்வாகம் கைகழுவ முடியாது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையும் அந்த வீட்டுக்கு ஆளைத் திருப்பித் தராது. உங்கள் தெருவில் யாராவது வெறும் உடம்போடு குழிக்குள் இறங்குவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள், 14420-க்கு அழையுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இதே சட்டம்தான்.

நல்ல நிலையம் ஊருக்குச் சொத்து

ஒழுங்காக இயங்கும் நிலையம் என்ன தரும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் இயங்கத் தொடங்கிய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் ஒவ்வொன்றும் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் தரத்துக்கு மாற்றும் திறன் கொண்டவை. மணலியும் ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் அந்த நீரை வாங்கும்போது, அதே அளவு நல்ல தண்ணீர் மக்களின் குடத்துக்கு மிஞ்சுகிறது. கசடில் இருந்து வரும் வாயுவில் மின்சாரம் எடுத்து நிலையத்தையே ஓட்டவும் முடிகிறது.

அந்த ஆய்வாளர் சாடியில் காட்டியது இதைத்தான். அரை மணி நேரம் பொறுமையாக விட்டால் அழுக்கு தானே அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலே நிற்கும். காற்றும் கவனிப்பும் மட்டும் தடைபடக் கூடாது. காற்றைப் பிளோயர் தரும். கவனிப்பைத் தர வேண்டியவர்களில் நாமும் உண்டு. இந்த மாதம் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்றை வாங்குங்கள். மேலே சொன்ன ஏழு ஆவணங்களைக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். உங்கள் ஊர் நிலையத்தில் நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.